வலிக்காத சிவப்பு

எங்கள் தோட்டப் பக்கத்து ஆண்களுக்கு இடுப்பு உண்டு, முழங்கால் உண்டு. இரண்டுக்கும் நடுவில் ஒன்றும் கிடையாது. இடுப்பு வலியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்கள். முழங்காலைப் பற்றிக் கேட்டால், எந்தச் சீன வைத்தியர் எந்தத் தைலத்தை எந்தப் பக்கமாகத் தேய்த்தார் என்பதுவரை சொல்வார்கள். நடுவில் இருக்கும் இடத்தில் என்ன வந்தாலும் அதற்கு ஒரே பெயர்தான்: சூடு. எரிந்தால் சூடு. சொட்டுச் சொட்டாகப் போனால் சூடு. ராத்திரியில் நாலு தடவை எழுந்தால் சூடு. சிவப்பாகப் போனாலும் சூடுதான். இந்த ஒற்றைச் சொல் வைத்தியத்தால் என் அக்காவின் கணவர், அதாவது என் அத்தான், சிறுநீர்ப்பையை இழக்க இருந்தார். உயிரும் அதோடு போயிருக்கலாம். தினமும் குறிப்பு எழுதும் பழக்கம் உள்ளவள் நான். அதனால் நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

அத்தான் சுங்கை ஆயர் தாவார் பக்கத்தில் ஒரு எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய தொழிலாளர் லயங்களை இடித்துக் கட்டிக் கொடுத்த வரிசை வீடுகளில் ஒன்றில் அக்காவும் அவரும் மட்டும் இருக்கிறார்கள். ஒரு மகன் ஜொகூரில், இன்னொருவன் சிங்கப்பூரில். அத்தான் தோட்டத்து மாரியம்மன் கோயிலின் தலைவர். மீசை முளைக்கும் முன்பே சிகரெட் பிடிக்க ஆரம்பித்தவர். நான் கோலசிலாங்கூரில் இருக்கிறேன். தஞ்சோங் காராங்கில் ஒரு நெல் ஆலையின் அலுவலகத்தில் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கார் இருக்கிறது. குடும்பத்தில் யாருக்கு எங்கே போக வேண்டுமென்றாலும் ஓட்டுவது நான்தான்.

ஒரு சனிக்கிழமை நான் போய் இறங்கியதும் அக்கா என் கையைப் பிடித்து நேரே குளியலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"நீயே வந்து பாரு. கழுவாம வெச்சிருக்கேன்."

அத்தான் தண்ணீர் ஊற்றியிருந்தார், ஆனால் சரியாக ஊற்றவில்லை. ஆண்கள் செய்யும் வீட்டு வேலைகள் எல்லாவற்றையும் போலத்தான் அதுவும். பீங்கானின் ஓரத்தில் நிறம் ஒட்டியிருந்தது. அக்கா சிவப்பு என்று மட்டும் சொல்லியிருந்தாள். சிவப்பில் பல வகை உண்டு. இது விருந்துகளில் கொடுக்கும் ரோஸ் சிராப் தண்ணீரில் ஐஸ் முழுவதும் கரைந்த பிறகு இருக்குமே, அந்த நிறம்.

அத்தான் முன்கூடத்தில் பேப்பருக்குப் பின்னால் இருந்தார்.

"டிராகன் பழம் லா. செவப்பு டிராகன் பழம் சாப்பிட்டா அப்படித்தான் போவும்," என்றார், நாங்கள் எதுவும் கேட்பதற்கு முன்பே.

"எந்த டிராகன் பழம்? மருமவ வாங்கியாந்தது ரெண்டும் பிரிட்ஜுலயே கெடக்கு," என்றாள் அக்கா.

"வெளிய சாப்பிட்டேன்."

"இத்தினி வருஷத்துல நீங்க வெளிய தே தாரேக்கும் சிகரெட்டும் தவிர வேற என்னாத்த சாப்பிட்டிருக்கீங்க?"

"வலிச்சுதா அத்தான்?" என்று கேட்டேன்.

இந்தக் கேள்விக்கு அவர் என்னைப் பார்த்துப் பதில் சொல்லவில்லை. சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்துச் சொன்னார். "ஒண்ணும் வலிக்கல. வலிக்காதப்ப என்னா இருக்கு? பெரிசா வெசாரிக்க வந்துட்டீங்க, அக்காவும் தங்கச்சியும்."

மறுநாள் காலை பசியாற ரொட்டி சானாய் வாங்க முச்சந்திக் கடைக்குப் போனேன். கடைக்காரர் தமிழ் முஸ்லிம். அவருடைய வாப்பா காலத்திலிருந்தே அந்தக் கடை அங்கே இருந்து, தே தாரேக் என்னும் ஆற்றிய பால் டீ விற்கிறது. எனக்கு முன்னாலேயே அத்தான் தன் சூட்டோடு கடைக்கு வந்து சேர்ந்திருந்தார். சிவப்பு என்ற சொல் மட்டும் வரவில்லை. "கொஞ்சம் சூடு புடிச்சிருக்கு" என்று அவர் சொல்லியிருக்கிறார். மேசையில் இருந்த எல்லோருக்கும் புரிந்துவிட்டது. ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். பார்லித் தண்ணீர் என்றார் ஒருவர். இளநீரில் வெந்தயத்தை ஊறப்போட்டுக் குடி என்றார் இன்னொருவர். தொப்புளில் விளக்கெண்ணெய் வை என்றார் கடைக்காரர், ரொட்டியை வீசிக்கொண்டே.

கடைசியாகப் பேசியவர் கோயில் பொருளாளர். லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். எந்த மேசையிலும் கடைசியாகப் பேசினால்தான் தீர்ப்பு மாதிரி இருக்கும் என்று தெரிந்து வைத்திருப்பவர்.

"எனக்குக் கல்லே இருந்துச்சு லா, தலைவரே. மொளகு சைசு இல்ல, பாக்கு சைசு. சார்சில உப்பு போட்டு, பச்ச முட்டய ஒடச்சு ஊத்தி, ஒரு மாசம் குடிச்சேன். கரைஞ்சு போச்சு. இப்ப பாரு, கொழா தண்ணி மாதிரி போவுது."

"டாக்டர்கிட்ட காட்ட வேணாமா?" என்றார் அத்தான். அந்த ஒரு வாக்கியத்தை அவர் கேட்டார் என்பதைப் பதிவு செய்துவிடுகிறேன். அவருக்குச் சாதகமாகச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை.

"டாக்டரா? டியூப்ப விடுவான். எங்க விடுவான்னு கேளு. கேட்டீன்னா நீ வீட்டவிட்டே வெளிய வர மாட்ட."

மேசை சிரித்தது. அத்தானும் சிரித்தார். சார்சி என்பது கறுப்பாக நுரைக்கும் ஓர் இனிப்புச் சோடா. அதில் உப்பைப் போட்டால் பொங்கும். பொங்குவதைப் பார்த்தால் உள்ளே ஏதோ வேலை செய்கிறது என்று தோன்றும். எங்கள் ஊரில் மருந்துக்கு வேறு தகுதி எதுவும் தேவையில்லை.

அத்தான் குடித்தார். இரண்டு நாளில் சிவப்பு நின்றுவிட்டது.

இந்த நோயின் சூழ்ச்சியே அதுதான் என்று எனக்குப் பிறகு விளக்கினார்கள். சிறுநீர்ப்பைக்குள் ஒன்று வளர்ந்தால் அது எப்போதும் கசிந்துகொண்டிருக்காது. ஒரு நாள் கசியும், தானாக நிற்கும், மாதக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கும். அந்த நேரத்தில் என்ன குடித்தோமோ அதற்குப் பெயர் வந்துவிடும். சார்சி நிறுத்தியது என்றார் அத்தான். ஒரே ஒரு தடவை வந்தாலும், வலி இல்லாவிட்டாலும், நின்றே போனாலும் காட்டத்தான் வேண்டும் என்று நான் சொன்னேன். "நீ எந்தக் காலேஜுல டாக்டருக்குப் படிச்ச?" என்றார். பொருளாளர் எந்தக் காலேஜில் படித்தார் என்று நான் கேட்டேன். 

சில மாதங்கள் கழித்து அது திரும்பி வந்தது. இந்தத் தடவை சிராப் இல்லை. கறுத்த சிவப்பு, நடுவே திராட்சைத் தோல் போல இரத்தக் கட்டிகள். ஒரு கட்டி வழியை அடைத்துக்கொண்டது. அத்தான் கழிவறையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார், முனகினார். கடைசியில் அது வெளியே வந்தது. வெளியே வந்த அத்தானின் முகத்தைப் பார்த்த அக்கா எனக்குப் போன் செய்தாள். நான் ஆலையில் விடுப்புச் சொல்லிவிட்டுப் போய் அவரை அரசாங்கக் கிளினிக்குக்கு ஏற்றிக்கொண்டு போனேன். அவர் வாதாடவில்லை. பயந்த ஆண்கள் எவ்வளவு சீக்கிரம் காரில் ஏறுகிறார்கள் என்பது ஓர் அதிசயம்.

கிளினிக்கில் இருந்தவர் இளவயது மலாய் டாக்டர், ஒரு பெண். சிறுநீரைச் சோதித்தார். எத்தனை வருடமாகச் சிகரெட் என்று கேட்டார். வலி உண்டா என்று கேட்டார். இல்லை என்று அத்தான் பெருமையாகச் சொன்னார், பரீட்சையில் கடினமான கேள்விக்கு விடை தெரிந்த பிள்ளையைப் போல. டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"வலி இருந்தால் கிருமியாக இருக்கலாம், கல்லாக இருக்கலாம். வலி இல்லாமல் இரத்தம் என்றால்தான் எனக்குக் கவலை, அங்கிள்," என்றார் மலாயில்.

பெரிய ஆஸ்பத்திரியின் யூரோலஜி டாக்டருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அத்தான் அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். வெளியே தெரியாமல் இருக்க அதன்மேல் சிகரெட் பெட்டியை வைத்தார்.

காரில் சுங்கை பஞ்சாங் வயல்களைத் தாண்டும்போதுதான் வாயைத் திறந்தார்.

"இது அந்த மாதிரி டாக்டர்தானே?"

"எந்த மாதிரி?"

"அதான். புள்ள இல்லாதவனுங்க போவானுங்களே. முடியாதவனுங்க."

பின் இருக்கையிலிருந்த அக்கா சிரித்துவிட்டாள். "ரெண்டு புள்ளய பெத்துட்டுத்தானே ஒக்காந்திருக்கீங்க? சர்டிபிகேட்டு வேணும்னா நான் எழுதித் தரேன்."

"ஏய், தங்கச்சி முன்னால என்னா பேச்சு பேசுற?"

தங்கச்சிக்கு ஐம்பது தாண்டிவிட்டது. தங்கச்சி அந்த வாரமே விசாரித்துத் தெரிந்துகொண்டு அவருக்கு விளக்கினாள். சிறுநீரகம், அதிலிருந்து நீர் இறங்கும் குழாய், அது வந்து சேரும் பை, பைக்குக் கீழே ஆண்களுக்கு மட்டும் இருக்கும் புரோஸ்டேட் சுரப்பி, வெளியே வரும் வழி, இவ்வளவும் அந்த டாக்டர் பொறுப்பு. கல்லை உடைப்பது, அடைப்பை எடுப்பது, கட்டியைச் சுரண்டுவது எல்லாம் அவர் வேலை. முடியாதவர்களையும் அவர்தான் பார்ப்பார். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. சிறுநீரகம் கெட்டு டயாலிசிசில் இருப்பவர்களைப் பார்ப்பவர் வேறொரு டாக்டர். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, "யூரோலஜிக்குப் போனா மிஷின்ல போட்டுருவான்" என்று பயமுறுத்தும் அறிவாளிகள் எங்கள் முச்சந்திக் கடையில் குறைவில்லாமல் கிடைப்பார்கள்.

ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்தார்கள். உள்ளே கேமரா விட்டுப் பார்க்கும் நாள் அது, ஒரு செவ்வாய்க்கிழமை. அத்தான் தலையாட்டினார். நான் நம்பினேன்.

எங்கள் தோட்டத்துக் கோயிலில் திருவிழாவுக்குக் கொடி ஏறியதும் சிலருக்குக் காப்புக் கட்டுவார்கள். மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டைக் கட்டி மணிக்கட்டில் முடிவார்கள். கட்டிக்கொண்டவர் தீமிதி முடிந்து காப்பு அவிழ்க்கும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. எல்லை என்பது வாய்க்கால் பாலம். முச்சந்திக் கடை பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அதனால் திருவிழா நாட்களில் மட்டும் எல்லை கடைக்கு அப்பால் உள்ள மின்கம்பம்வரை நீளும் என்று பழைய செயற்குழு ஒன்று தீர்மானம் போட்டிருக்கிறது. தே தாரேக் இல்லாமல் விரதம் இருக்க முடியாது என்பதைச் சாமிக்கு இவ்வளவு மரியாதையாக யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அத்தான் முழங்காலைக் காரணம் காட்டிப் பல வருடமாகக் காப்புக் கட்டிக்கொள்ளவில்லை. இந்த வருடம் தானாகவே கையை நீட்டினாராம். எல்லோரும் மெச்சினார்களாம். தலைவருக்கு எவ்வளவு பக்தி என்று பொருளாளர் மைக்கில் சொன்னாராம். பொருளாளரும் கட்டிக்கொண்டார். அக்கா போனில் பெருமையோடுதான் ஆரம்பித்தாள். பாதி வாக்கியத்திலேயே அவள் குரல் மாறியது. கொடியேற்றத்துக்கும் தீமிதிக்கும் நடுவில்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை விழுகிறது.

ஒரு மனிதன் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்கப் பல வழிகள் உண்டு. காய்ச்சல் என்று சொல்லலாம், கார் இல்லை என்று சொல்லலாம். அம்மனையே சாக்காக மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் துணிச்சல் எங்கள் ஆட்களுக்குத்தான் வரும்.

அன்று மாலையே போனேன். அத்தான் வேட்டியோடு, சட்டை இல்லாமல், திருநீற்றோடு, பார்க்கவே தெய்வீகமாக உட்கார்ந்திருந்தார்.

"தேதி தெரிஞ்சுதானே கட்டிக்கிட்டீங்க?"

"ஆத்தா கூப்பிட்டா. நான் என்னா செய்ய?"

"இத்தன வருஷமா முட்டி வலிக்குதுன்னு சொன்னப்ப கூப்பிடலியா?"

"தெய்வ விசயத்துல நக்கல் வேணாம். எனக்கு ஒண்ணுன்னா ஆத்தா பாத்துக்குவா."

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கா," என்றாள் அக்கா. அவள் அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்றிருந்தாள். "ரெண்டு தடவ செவப்பா காட்டிட்டா. இன்னும் எப்படி சொல்லணும் ஒங்களுக்கு? மைக்கு புடிச்சா?"

அத்தான் மணிக்கட்டில் இருந்த கயிற்றைத் திருகிக்கொண்டே இருந்தார். அப்போது எனக்குத் தெரிந்தது, அவருக்கு வெட்கம் மட்டும் இல்லை. போனால் என்ன சொல்வார்கள் என்று அவர் எப்போதோ கணித்துவிட்டார். சொல்லாதவரை அது இல்லை. அதைப் பார்த்தபின் என் கோபம் குறையவில்லை. பயந்தவன் பயந்தேன் என்று சொல்லியிருந்தால் குறைந்திருக்கும்.

அக்கா கரண்டியை வைத்துவிட்டு நேராகக் கோயிலுக்குப் போனாள். நானும் போனேன். மாலைப் பூசை முடிந்து செயற்குழு உட்கார்ந்திருந்தது. அத்தனை ஆண்கள் முன்னால், அவர்கள் யாரையும் பார்க்காமல், அவள் பூசாரியிடம் சொன்னாள்.

"சாமி, எங்க வீட்டுக்காரருக்கு மூத்திரத்துல ரத்தம் போவுது. செவ்வாக்கெழம ஆஸ்பத்திரிக்குப் போவணும். காப்ப அவுத்துருங்க."

கூரையிலிருந்து விளக்கு விழுந்திருந்தால்கூட அந்த இடம் அப்படி அடங்கியிருக்காது. ரத்தம் என்ற சொல்லை விட, அதற்கு முந்திய சொல்தான் அவர்களைத் தாக்கியது. சிலர் தரையைப் பார்த்தார்கள்.

முதலில் எழுந்தவர் பொருளாளர். "என்னாம்மா இது, வெளையாட்டா? கட்டின காப்ப நடுவுல அவுத்தா தெய்வக் குத்தம். தோட்டத்துக்கே ஆவாது. சூடுதானே? சார்சி குடிக்கச் சொன்னேனே."

"குடிச்சாரு. கட்டி கட்டியா வருது இப்ப."

பொருளாளர் தொண்டையைச் செருமினார். "எந்த ஆஸ்பத்திரி?"

அக்கா சொன்னாள்.

"செவ்வாக்கெழமையா?" அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. "செவ்வா வேணாம். செவ்வா ஆவாத நாளு. வியாழக்கெழமைக்கு மாத்திக் கேளு, அதுன்னா நானே பேசி..."

"டாக்டரு செவ்வாதான் வராரு. ஒங்க நாளு பாத்தெல்லாம் வரமாட்டாரு," என்றேன் நான்.

பூசாரி தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். "ஒடம்புக்கு முடியலன்னா காப்ப அவுத்துச் சூலத்துல கட்டிரலாம். ஆத்தா கையில இருக்குற மாதிரிதான். எங்கப்பா காலத்துலயும் செஞ்சிருக்காங்க. வரச் சொல்லுங்க தலைவர," என்றார்.

அவ்வளவுதான் விஷயம். அதைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை; கேட்டால் காரணம் சொல்ல வேண்டியிருக்குமே.

செவ்வாய்க்கிழமை விடியும்போதே கிளம்பினோம். அத்தான் வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே வந்தார். யூரோலஜி பகுதியின் காத்திருப்புக் கூடத்தில் இடம் தேட வேண்டியிருந்தது. எல்லா இனத்திலும் எல்லா வயதிலும் ஆண்கள். பாதிப் பேர் கையில் பெரிய தண்ணீர்ப் புட்டி. வயிற்றை ஸ்கேன் செய்யச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். அதற்காகக் குடிப்பதும் நடப்பதும் கடிகாரத்தைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். பெண்களும் இருந்தார்கள், நான் நினைத்ததைவிட அதிகம்.

கடைசி வரிசையில் சுவரோரமாக ஒருவர் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முழுக்கைச் சட்டை, அந்தப் புழுக்கத்தில் மணிக்கட்டுப் பொத்தான்வரை போட்டிருந்தார். மடியில் பெரிய புட்டி, பாதி காலி. அக்காதான் முதலில் கண்டுகொண்டாள்.

"அண்ணே, நீங்களா?"

பொருளாளர் தொப்பியை எடுத்தார். எடுத்ததும் மறுபடியும் போட்டுக்கொண்டார்.

"ஒரு ஆளப் பாக்க வந்தேன். தெரிஞ்ச ஆளு."

"பாலத்தத் தாண்டியா?" என்றார் அத்தான். அன்று அதுவரை அவர் உருப்படியாகப் பேசியது அதுதான்.

அதற்குள் ஒலிபெருக்கி பொருளாளரின் பெயரை அவர் அப்பா பெயரோடு சேர்த்து அழைத்தது. அவர் அசையவில்லை. மறுபடி அழைத்தது. அவர் தண்ணீர் குடித்தார். ஒரு தமிழ் நர்ஸ் கோப்போடு வெளியே வந்து கூடத்தை ஒரு பார்வை பார்த்தாள். நேராக எங்களிடம் வந்தாள்.

"கல்லு அங்கிள்! கூப்பிட கூப்பிட ஒக்காந்திருக்கீங்க? போன வருஷம் லேசர் வெச்சு ஒடச்சோமே, நீங்கதானே? ஸ்கேனுக்கு முந்தி பிரஷர் பாக்கணும். சட்டைக் கைய மடிங்க."

"அப்புறம் பாக்கலாம் லா, மிஸ்ஸி."

"அப்புறம்னா எப்ப? மடிங்க அங்கிள், பின்னால எத்தன பேரு நிக்கிறாங்க."

அவளே பொத்தானைக் கழற்றிக் கையை மேலே ஏற்றினாள். மஞ்சள் கயிறு, மஞ்சள் துண்டோடு, முடிச்சுக் கலையாமல் இருந்தது.

அத்தான் அந்தக் கயிற்றைப் பார்த்தார். பிறகு பொருளாளரைப் பார்த்தார். நிதானமாகத்தான் கேட்டார். "சார்சியில கரைஞ்சுதுன்னியே?"

"கொஞ்சம் கரைஞ்சிச்சு. மீதிய இவங்க எடுத்தாங்க," என்றார் பொருளாளர்.

அந்தப் பதிலை நான் அன்று வார்த்தை மாறாமல் எழுதி வைத்தேன். ஒரு மனிதன் தன் சிறுநீர்க் கல்லை லேசரால் உடைத்துக்கொண்டு, ஊருக்குச் சோடாவைச் சிபாரிசு செய்கிறான். அதைக் கேட்டு இன்னொருவன் மாதக்கணக்கில் ஒரு கட்டிக்குத் தண்ணீர் ஊற்றி வளர்க்கிறான். இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை என்பார்கள். கெட்ட எண்ணம் இருந்திருந்தால் கொஞ்சம் புத்தியாவது இருந்திருக்கும்.

டாக்டர் ஒரு சீனர், என் வயது இருக்கும். மரத்துப்போகும் களிம்பு வைத்து மெல்லிய குழாயை உள்ளே விட்டார்கள். நாங்கள் வெளியே இருந்தோம். நான் பால் இல்லாத தே ஓ ஒன்றைக் குடித்து முடிப்பதற்குள் அத்தான் வெளியே வந்துவிட்டார். முகத்தில் வலியை விட ஆச்சரியம்தான் அதிகம். இதற்காகவா இவ்வளவு நாள் பயந்தேன் என்று அவர் கேட்கவில்லை. ஆனால் அப்படித்தான் பார்த்தார்.

டாக்டர் ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். பையின் உள்சுவரில் பூக்கோசைப் போல ஒன்று, பக்கத்தில் சின்னதாக இன்னொன்று. சிகரெட்டின் நச்சு இரத்தத்தில் கலந்து சிறுநீரில் இறங்கிப் பையில் தேங்குகிறது. இத்தனை வருடம் தேங்கியது. மயக்க மருந்து கொடுத்து, வயிற்றைக் கிழிக்காமல், வந்த வழியாகவே போய்ச் சுரண்டி எடுப்பார்கள். எடுத்ததைச் சோதிப்பார்கள். தசைக்குள் இறங்காமல் இருந்தால் பை பிழைக்கும். இறங்கியிருந்தால் பையையே எடுத்துவிட்டு, வயிற்றில் துளை போட்டு, வெளியே ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டவேண்டி வரும்.

"முதல் தடவை வந்தப்பவே வந்திருந்தா?" என்று அக்கா கேட்டாள். நான் மலாயில் சொன்னேன்.

டாக்டர் படத்தை மடித்து அத்தானிடம் கொடுத்தார். "இன்றைக்கு வந்திருக்கிறார்," என்றார். அவர் நாகரிகமான மனிதர். எனக்கு அந்த நாகரிகம் இல்லை; காரில் வரும்போது முழுப் பதிலையும் நான் சொன்னேன்.

இன்னொன்றும் அன்று நடந்தது. டாக்டர் எழும்போது அக்கா என் காதில் ஏதோ சொன்னாள். தும்மினாலும் சிரித்தாலும் தனக்குத் துணி நனைகிறதாம், அதனால் பல வருடமாகக் கல்யாணங்களில் கடைசி வரிசையில் உட்காருகிறாளாம், இதற்கும் இவர்தானா என்று கேட்கச் சொன்னாள். என் கூடப் பிறந்தவள், எனக்கே தெரியாது. இவரும் பார்ப்பார், பயிற்சியிலேயே பலருக்குச் சரியாகிவிடும் என்றார் டாக்டர். ஆண்களைப் பற்றி மட்டும் எழுதியது போதாது என்று அன்று புரிந்தது. வாயை மூடிக்கொள்வதில் நாங்களும் சளைத்தவர்கள் இல்லை.

சுரண்டி எடுத்தார்கள். முடிவு வரும்வரை அத்தான் சிகரெட்டைத் தொடவில்லை. சாமி மேல் சத்தியம் எதுவும் செய்யாமலே விட்டார், அதனால் நிலைத்தது. புற்றுக்கட்டிதான்; சுவரின் மேல் அடுக்கைத் தாண்டியிருந்தது, தசைக்குள் இறங்கவில்லை. இன்னும் கொஞ்சம் சார்சி குடித்திருந்தால் இறங்கியிருக்கும் என்று டாக்டர் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். மறுபடி ஒரு தடவை உள்ளே விட்டுச் சுரண்டினார்கள். பிறகு வாரம் ஒரு முறை பைக்குள் மருந்து ஊற்றி, அடக்கி வைத்திருந்து வெளியேற்றும் சிகிச்சை. பை தங்கியது. ஆனால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கேமரா, வருடக்கணக்கில். திரும்பி முளைப்பது அந்தக் கட்டியின் பழக்கமாம்.

ஊரில் அத்தான் குடல் இறக்க ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார். குடல் இறக்கம் இடுப்பில் சேர்ந்ததாம், அதைச் சொல்லலாம்.

போன மாதம் நான் முச்சந்திக் கடையில் ரொட்டிக்குக் காத்திருந்தேன். அத்தானும் பொருளாளரும் அதே மேசையில்தான். உயிரோடு விளையாடினாலும் மேசை மாறாது. கடைக்காரர் மாவை வீசுவதை நிறுத்திவிட்டுக் குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"அண்ணே, நேத்து எனக்கு ஒரு மாதிரி செவப்பா போச்சு. சூடா இருக்குமோ?"

பொருளாளர் நாற்காலியில் நிமிர்ந்தார். "சூடுதான் லா. சார்சி ஒண்ண ஒடச்சு..."

"நீ சும்மா இரு," என்றார் அத்தான். "சட்டைக் கைய மடிச்சுக் காட்டுறியா, இல்ல நான் சொல்லட்டா?"

பொருளாளர் தே தாரேக்கைக் கையில் எடுத்துக்கொண்டார்.

அத்தான் கடைக்காரரை நேராகப் பார்த்துக் கேட்டார். நாட்காட்டியைப் பார்க்கவில்லை. "வலிச்சுதா?"

"இல்லண்ணே. ஒண்ணுமே வலிக்கல."

"அப்ப நாளைக்கே கிளினிக்குக்குப் போ. லெட்டர் குடுப்பாங்க, வாங்கிட்டு வா. எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆளுக்கு இப்படித்தான் வந்துச்சு."

எந்த ஆள் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எல்லோரும் டீயைப் பார்த்தார்கள். நான் ரொட்டிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கடைக்காரருக்குத் தேதி கிடைத்தது. அத்தானின் கேமரா நாளும் அதே செவ்வாய்க்கிழமைதான். இந்தத் தடவை என் காரில் இரண்டு ஆண்கள் வந்தார்கள். கடைக்காரர் பின் இருக்கையில், தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, கடைக்கு அப்பால் உள்ள மின்கம்பம் தாண்டும்வரை தலையைத் தாழ்த்தி வைத்திருந்தார். வீட்டில் மாவு பிசையும் மிஷின் பார்க்கப் போவதாகச் சொல்லியிருந்தாராம்.